அவளுடைய பின்னிரண்டு அடிகள்

என் மனைவி மறைந்த பிறகு எனக்கு ஒரு பாசுரமும் முழுதாகப் பாட வரவில்லை. நாலடியுள்ள பாசுரத்தில் முதல் இரண்டு அடிகளோடு நின்றுவிடுவேன். மறதி காரணமன்று. புத்தகம் எதிரில் விரிந்திருக்கும். கண்ணாடி போட்டால் எழுத்துகளும் நன்றாகத் தெரியும். மூன்றாம் அடியின் முதற்சொல்லில் கண் பட்டதும் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

இதற்குக் காரணம் எங்கள் வீட்டு வழக்கம். எங்கள் இரு குடும்பங்களிலும் பாசுரம் சேவிக்கிறவர்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே அமர்வார்கள். ஒரு வரிசை முன்னிரண்டு அடிகளைச் சொல்ல, மறு வரிசை பின்னிரண்டு அடிகளைச் சொல்லும். எங்களுக்குத் திருமணமாகி, மட்டாஞ்சேரியில் இந்த வீட்டுக்கு அவள் வந்து சேர்ந்த மறுநாள் காலையில், பூஜை அறையில் இரண்டு பலகைகளை எதிரெதிரே போட்டு நாங்கள் இருவருமே இரண்டு வரிசைகளானோம். முற்பாதி எனக்கு, பிற்பாதி அவளுக்கு. அன்று அமைந்த முறையைப் பிறகு ஒருநாளும் மாற்றவில்லை. குளித்து, விளக்கேற்றி, காப்பிக்கு முன்னால் பாட்டு. காய்ச்சல் வந்த நாள்களில் குரல் தாழும், அவ்வளவே.

இவ்வழக்கத்தால் என்ன நேரும் என்று நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. பொருளெல்லாம் இருவருக்கும் முழுமையாகத் தெரியும். ஆனால் என் நாவு முற்பாதியை மட்டுமே பழகியது. என் மூச்சும் அப்படியே பழகியது. அவள் பாடத் தொடங்கும்போது நான் மூச்சை இழுத்துக்கொள்வேன். அவள் முடிக்கும்போது எனக்கு அடுத்த பாசுரத்துக்கு வேண்டிய காற்று நெஞ்சில் இருக்கும். ஒருவர் பாட்டின்மேல் மற்றவர் இளைப்பாறினோம்.

சென்ற ஆண்டு இங்கே இடவப்பாதி என்று சொல்லும் பருவமழையில், ஈரம் காயாத துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். காரியங்கள் எல்லாம் முடிந்து, பதின்மூன்றாம் நாள் சுபமும் ஆன மறுநாள் காலை, வழக்கம்போல் என் பலகையில் அமர்ந்தேன். அவளுடைய பலகையை எடுத்து வைக்க எனக்குத் தோன்றவில்லை. முன்னிரண்டு அடிகளைப் பாடினேன். நின்றேன். அவளுடைய இரண்டு அடிகளுக்கு எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் கழிந்தது. பிறகு அடுத்த பாசுரத்தை எடுத்தேன்.

அந்த இடைவெளியில் அவள் குரலைக் கேட்டேன் என்று சொல்லமாட்டேன். கேட்கவில்லை என்று சொல்லவும் என்னால் ஆகாது. நான் அறிந்தது ஒன்றுதான்: அந்த மௌனத்துக்கு ஒரு முடிவு இருந்தது, அது எப்போது முடிகிறது என்பது எனக்குத் தெரிந்தது. எங்கள் தெருவில் விடியும்போதே சரக்கு வண்டிகள் வந்து நிற்கும். சுக்கு மூட்டைகளை இறக்குகிறவர்களின் கூச்சல் பூஜை அறைக்குள் தாராளமாகக் கேட்கும். என் அடிகளின்போது கேட்கும். அவளுடைய அடிகளின்போது கேட்காது.

தொடங்கிய பாசுரத்தை நடுவில் விடுவது அபசாரம் என்பது எங்கள் வீட்டு விதி. தொலைபேசி அடித்தாலும், பால்காரர் கூப்பிட்டாலும் நாலாம் அடியை முடித்துவிட்டே எழுந்திருப்போம். ஆகையால், தினமும் பாதியை மட்டும் பெருமாளுக்குச் சமர்ப்பிக்கிறோமே என்ற அச்சம் எனக்கு வரவேண்டும். வரவில்லை. பாசுரம் முடிந்துதான் இருந்தது. முடித்தது நானல்லன், அவ்வளவே. கண் மூடிப் பாடுகிறவனாக வாழ்நாள் முழுதும் இருந்த நான், அவள் போன பிறகுதான் கண் திறந்து பாடத் தொடங்கினேன்.

என் மகள் காக்கநாட்டில் கணினி நிறுவனமொன்றில் வேலை செய்கிறாள். சனிக்கிழமைகளில் வருவாள். அப்படி ஒரு காலையில், நான் கவனிக்காமல், அறை வாசலில் வந்து நின்றிருக்கிறாள்.

"அப்பா, அங்க யாரைப் பாத்துத் தலையாட்டறேள்?"

"யாரையும் இல்லை."

"பலகையைப் பாத்து ஆட்டினேளே. நான் கண்டேனே."

"தாளத்துக்கு ஆட்டினேன்."

"பாட்டே இல்லாத எடத்துல தாளமா? நன்னாருக்கு!"

சிரித்தபடியேதான் சொன்னாள். ஆனால் போகும்போது அந்தப் பலகையை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். அவள் படகுத்துறையை அடைவதற்குள் நான் அதை மறுபடியும் போட்டுவிட்டேன்.

இதற்கிடையில் என் மூச்சு குறைந்துகொண்டே வந்தது. உத்தியோகக் காலம் முழுவதும் ஒரு மசாலா ஏற்றுமதிக் கிடங்கின் மாடியில் கணக்கு எழுதியவன் நான். கீழே சுக்கும் மிளகும் மஞ்சளும் புடைப்பார்கள். தூசு படியேறி வரும். அதன் பலனை நுரையீரல் இப்போது காட்டியது. கோவிலுக்குப் போகிற வழியில் இரண்டு கடைகளின் படிகளில் உட்கார்ந்து எழுந்தேன். மருத்துவர் ஒரு குழாயில் ஊதச் சொன்னார். ஊதினேன். கருவியில் வந்ததைப் பார்த்துவிட்டு, மருந்தோடு கூடப் பாட்டும் வேண்டும் என்றார். எங்கள் வட்டாரத்து வாயனசாலை என்னும் படிப்பகத்தின் கூடத்தில், நெஞ்சுக் கோளாறு உள்ளவர்களை வாரத்தில் சில நாள் கூட்டி வைத்துப் பாடச் செய்கிறார்களாம். மெதுவாக, நீளமாக மூச்சை விடப் பழகுவதற்குப் பாட்டைவிட நல்ல பயிற்சி இல்லையாம். கூடிப் பாடினால் மனச்சோர்வும் குறைகிறதாம்.

வீட்டுக்கு வந்ததும் என் மகளிடம் கோபித்துக்கொண்டேன். "பெருமாளுக்குப் பாடறதை மருந்துக்குப் பாடறதா?"

"பெருமாள் கோவிச்சுக்க மாட்டார் அப்பா. இன்ஹேலரும் அவர் குடுத்ததுதான்."

பிறகு அவள் குரல் மாறியது. அம்மாவின் முதலாண்டுத் திதியான வருஷாப்திகத்துக்குள் மூச்சு தேறாவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு காக்கநாட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றாள். தனியாக இருக்கிற ஒருவர் மூச்சுத் திணறி விழுந்தால் யார் பார்ப்பது என்று கேட்டாள். அவள் கேட்டதில் தவறில்லை. பதினான்காம் மாடியில் இருக்கும் அந்த வீட்டுக்கு என் பலகையையும் அவள் அம்மாவின் பலகையையும் கொண்டுபோக முடியும். அந்த இடைவெளி அங்கே வருமா என்பதை யாரிடம் விசாரிப்பது?

மருத்துவர் சொன்ன பாட்டுக்குப் போனேன். வாயனசாலைக் கூடம் தரைத்தளத்தில் இருந்தது. மாடியில் வைத்திருந்தால் ஒருவரும் வந்து சேர்ந்திருக்க மாட்டோம். பயிற்சி கொடுத்தவள் கும்பளங்கியிலிருந்து பேருந்தில் வரும் ஓர் இளம் பிசியோதெரபிஸ்ட். மலையாளத்தில் தமிழைக் கலந்து எங்களிடம் பேசினாள். எனக்குப் பக்கத்து நாற்காலியில், அரிசியும் மிளகாயும் மொத்தமாக விற்கும் ஒரு கடைக்காரர் இருந்தார். பாலக்காட்டிலிருந்து வந்து இங்கே நிலைத்துவிட்ட தமிழ் முஸ்லிம் குடும்பத்தவர். அவர் நெஞ்சு என் நெஞ்சைவிட மோசம். முதல் நாளே என்னிடம், "சாமீ, நம்ம ரெண்டு பேரையும் கூட்டினா ஒரு ஆளு மூச்சு தேறும். என்ன சொல்றீங்க?" என்றார்.

அந்தப் பெண் என்னைத் தெரிந்ததைப் பாடச் சொன்னாள். முன்னிரண்டு அடிகளைப் பாடினேன். நின்றேன். கூடம் காத்திருந்தது.

"பின்னே?" என்றாள்.

"இவ்வளவுதான்."

"சாமிக்குக் கரண்டு போயிருச்சு," என்றார் கடைக்காரர். எல்லாரும் இருமியபடி சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. என் நாற்காலியருகே வந்து அமர்ந்து, ஏன் நிறுத்துகிறேன் என்று கேட்டாள். வழக்கத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "சாரே, அந்த எடத்துல நீங்க வேகமா மூச்சை இழுக்குறீங்க. அது நல்லதில்ல. நாலு வரியும் நீங்களே பாடணும். மெல்ல மெல்ல விடணும். நடுவில நிறுத்த வேண்டா."

அவள் கேட்டது மருத்துவத்தில் சிறிய காரியம். எனக்கு அதன் பொருள் வேறாக இருந்தது. பாசுரத்தை நானே முழுவதும் பாடினால் மூச்சு தேறும். மூச்சு தேறினால் இந்த வீட்டிலேயே இருக்கலாம். ஆனால் அப்போது என் மனைவிக்கு இந்த வீட்டில் இடம் இருக்காது. அவள் இருந்ததெல்லாம் நான் பாடாத அந்த இரண்டு அடிகளில்தானே?

அடுத்த முறை மகளும் கூட வந்தாள். இப்படி நின்று நின்று பாடுவது பழைய பழக்கம்தான் என்று காட்டுவதற்காக, அம்மாவும் அப்பாவும் பாடியதைத் தான் எடுத்த காட்சி கைப்பேசியில் இருப்பதாகச் சொன்னாள். அவள் அம்மா போவதற்கு முந்தைய நவராத்திரியில் எடுத்தது. அது இருப்பதே எனக்குத் தெரியாது. பயிற்சிப் பெண் அதை வாங்கி, முதலில் ஒலியை அடைத்துவிட்டாள். மூச்சை மட்டும் பார்க்க வேண்டும் என்றாள்.

ஒலி இல்லாமல் நாங்கள் இருவரும் பாடுவதைப் பார்த்தேன். நான் கண்ணை மூடி, வாய் அசைத்து, நின்றேன். என் தோள்கள் மேலே எழுந்தன. இறங்கின. மறுபடி எழுந்தன. இவ்வளவு காலம் முன்பே எனக்கு மூச்சு வாங்கியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. பிறகு அவளைப் பார்த்தேன்.

அவள் கண்கள் பெருமாள் படத்தின் மேல் இல்லை. புத்தகத்தின் மேலும் இல்லை. என் தோள்களின் மேல் இருந்தன. என் தோள்கள் ஏறி இறங்கும்வரை அவள் வாய் மூடவில்லை. அவை அமைதியடைந்த கணத்தில் மூடினாள். அடுத்த பாசுரத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

பயிற்சிப் பெண் ஒலியைத் திறந்தாள். நாலாம் அடியின் கடைசிச் சொல்லை என் மனைவி நீட்டி, நீட்டி, எனக்குக் காற்று வந்து சேரும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாக்கு தெரிஞ்சிருக்கு சாரே," என்றாள் அந்தப் பெண்.

அந்த நீட்டலை நான் அறியாதவன் அல்லன். கேலியும் செய்திருக்கிறேன். "ஏண்டி இப்படி இழுக்கறே? பெருமாளுக்குப் பசிக்காதா?" என்று கேட்டால், "வயசாச்சே. ஒங்களாட்டம் ஓட முடியறதா எனக்கு?" என்பாள். அதை அப்படியே நம்பினேன். காப்பி குடிக்கும்போது இருவரும் அதைச் சொல்லிச் சிரிப்போம். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

என் மகள் கைப்பேசியைப் பையில் போட்டாள்.  வீட்டு வாசலுக்கு வந்ததும், "நான்தானே எடுத்தேன். எனக்கே தெரியலையே அப்பா," என்றாள்.

மறுநாள் காலை முதல் அந்த மௌனம் வேறாயிற்று. முன்பு அதற்கு ஓர் அளவு இருந்தது. இப்போது, என் தோள்கள் அமைதியடையும்வரை அது முடிவதில்லை என்பதை அறிந்துவிட்டேன். யாரோ என் தோள்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற உணர்வு உண்டாயிற்று. பனியன்மேல் மேல்துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதும் அந்தப் பார்வை விடவில்லை. மூச்சு மேலும் தளர, இடைவெளியும் நீண்டது. எதிர் வீட்டுப் பிள்ளைகள் பள்ளி வண்டியில் ஏறும் முன்பே முடிந்துவந்த பாட்டு, அவர்கள் போய்த் தெரு அடங்கிய பிறகும் முடியாமல் இருந்தது. ஒரு பாசுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நான் எங்கே இருக்கிறேன் என்பதே சில நாள் மறந்தது. அவள் என்னை அவசரப்படுத்தவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டித் தருவாள். அதுதான் எனக்கு அச்சத்தைத் தந்தது. இப்படியே போனால் ஒருநாள் என் அடிகள் தேய்ந்து மறைந்து, அவளுடைய மௌனம் மட்டும் எஞ்சிவிடும் என்று தோன்றியது. அவளோடு போவதற்கு நான் அஞ்சுகிறவன் அல்லன். ஆனால் அவள் எனக்கு மூச்சு கொடுக்கப் பிடித்துவைத்த சொல்லிலேயே என் மூச்சு தீர்ந்துபோவது அவள் கருதியதாக இருக்க முடியாது. அன்பு மிகுந்து உயிரை உருக்கும் நிலையைப் பாசுரங்களில் எத்தனையோ முறை படித்து உருகியிருக்கிறேன். மட்டாஞ்சேரியில், ஈரச்சுவருள்ள ஓர் அறையில், காப்பி குடிக்காத வயிற்றோடு அது நேர்வதைப் பற்றி நான் படித்ததில்லை.

வாயனசாலையில் அந்த வாரம் பயிற்சிப் பெண் எங்களை இருவர் இருவராகப் பிரித்தாள். எனக்குக் கடைக்காரர் இணை. அவருக்குத் தெரிந்த பாட்டைப் பாடச் சொன்னாள். அவர் தம் தந்தையார் பாடக் கேட்ட, இறைவனை இறைஞ்சும் ஒரு தமிழ்ப் பாட்டைச் சொன்னார். ஒவ்வோர் அடியும் அவர் பாட, முடிவில் அருள் வேண்டும் ஓரடி மட்டும் மாறாமல் திரும்பத் திரும்ப வரும். அந்த ஓரடி எனக்கு.

"சாமிக்கு ஆட்சேபணை உண்டோ?" என்று கேட்டார்.

அந்த அடியில் என் பெருமாளிடம் நான் கேட்கக் கூடாதது எதுவும் இல்லை. "இல்லை, நீங்க பாடுங்கோ," என்றேன்.

பாடினார். இனிய குரல், மூன்று சொற்களுக்கு ஒருமுறை உடைந்தது. அடி முடிந்ததும் தலையைத் தாழ்த்திக்கொண்டார். நான் என் அடியைத் தொடங்கினேன். கண்ணை மூடவில்லை. அவருடைய வெள்ளைச் சட்டைக்குள் தோள்கள் எழுந்தன. கழுத்து நரம்புகள் இழுத்துக்கொண்டன. என் அடி முடியும் இடம் வந்தது. அவருக்கு இன்னும் மூச்சு வரவில்லை.

கடைசி எழுத்தை விடாமல் பிடித்துக்கொண்டேன். எங்கிருந்து காற்று வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நெஞ்சு எரிந்தது. அவருடைய தோள்கள் இரண்டாம் முறை எழுந்தன, மூன்றாம் முறை, மெல்ல இறங்கி நின்றன. அப்போது விட்டேன். அவர் தலை நிமிர்ந்து அடுத்த அடியைத் தொடங்கினார். பாட்டு முடியும்வரை ஒவ்வோர் அடியிலும் அப்படியே செய்தேன். அவர் கண்ணை மூடிப் பாடினார், ஒன்றையும் பார்க்கவில்லை.

பாட்டு முடிந்ததும் என் தொடையில் தட்டினார். "என்ன சாமீ இது இழுவை! இந்த நேரத்துல எர்ணாகுளத்துக்கே போயிட்டு வந்திருக்கலாம்."

"வயசாச்சே," என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யார் சொல் என்பது எனக்குப் புலப்பட்டது. பயிற்சிப் பெண் என் அருகில் நின்றிருந்தாள். அவளுக்கு எவ்வளவு தெரிந்தது என்று நான் அறியேன். "சாரே, இன்னைக்கு விட்ட மூச்சு ரொம்ப நீளம். இதுதான் வேணும்," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை விளக்கேற்றிவிட்டு, என் பலகைக்குப் போகாமல் அவளுடைய பலகையில் உட்கார்ந்தேன். மரம் குளிர்ந்திருந்தது. அங்கிருந்து பார்க்க, சன்னலின் வெளிச்சம் நேராக எதிர்ப் பலகையின்மேல் விழுவது தெரிந்தது. எதிரில் உட்கார்ந்திருப்பவரின் சட்டை மடிப்புகூடத் தெரியும். முன்னிரண்டு அடிகளை நான் பாடவில்லை. அவற்றுக்கு வேண்டிய நேரம் காத்திருந்தேன். அந்த நேரத்தில் வெளியே மூட்டை இறக்குகிறவர்களின் சத்தம் கேட்கவில்லை. பிறகு மூன்றாம் அடியின் முதற்சொல்லைப் பார்த்தேன். வாய் மூடிக்கொள்ளவில்லை. இத்தனை காலமாகக் கேட்டும் நான் ஒருமுறைகூடச் சொல்லியிராத சொற்கள், அவளுடைய இழுப்போடும் அவளுடைய நிறுத்தங்களோடும் என் குரலில் வந்தன.

அன்று முதல் அப்படித்தான் பாடுகிறேன். சென்ற முறை ஊதியபோது கருவியின் அளவு முன்பைவிடச் சற்று ஏறியது. மருத்துவர் மருந்தில் ஒன்றைக் குறைத்தார். வருஷாப்திகம் கழிந்தது. மகள் காக்கநாட்டுப் பேச்சை எடுக்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை காலை அறை வாசலில் வந்து நின்று கேட்டாள்.

"எடம் மாறி ஒக்காந்திருக்கேளே."

"ஆமாம்."

"அம்மாவோடதைப் பாடறேள்."

"ஆமாம்."

"அப்போ ஒங்களோடதை யார் பாடறா?"

நான் புத்தகத்தைப் பிரித்தேன். அவள் கைகால் கழுவிக்கொண்டு வந்து வாசற்படியின் உட்புறம் அமர்ந்தாள். இரண்டு பலகைகளையும் அவள் தொடவில்லை. முன்னிரண்டு அடிகளின் நேரம் கழிந்தது. பின்னிரண்டு அடிகளை நான் எடுத்தேன். நாலாம் அடியின் கடைசிச் சொல்லுக்கு வந்தபோது எதிர்ப் பலகையைப் பார்த்தேன். வெளிச்சம் விழுந்திருந்தது, யாரும் இல்லை. ஆயினும் அந்தப் பலகையில் இத்தனை காலம் இருந்த மனிதருக்கு மூச்சு வந்து சேரும்வரை அந்தச் சொல்லை நான் விடவில்லை.